காணி உறுதியும் கலியாண எழுத்தும்

(உடுப்பிட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சட்டம் குடும்ப உறவை எப்படி வரையறுக்கிறது என்று பேசச் சொன்னார்கள். உலகத்தையே சுற்றி வரக்கூடிய தலைப்பு இது. நான் வடமராட்சியை விட்டு அதிகம் வெளியே போகப்போவதில்லை.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தாய் தகப்பன் சீதனமாக எழுதிக்கொடுத்த நாலு பரப்பு வளவு. வீடு அவளுடையது. கிணறு அவளுடையது. கணவர் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்தவர். எங்கள் பக்கத்தில் அதுதானே வழக்கம்? மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இப்போது மகனை வெளியில் அனுப்பவோ மகளின் படிப்புக்கோ அவள் அதில் ஒரு பரப்பை விற்க நொத்தாரிசிடம் போகிறாள். அடி உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்கும் கேள்வி: "உங்கட மனுசன் வரேல்லையோ?"

நொத்தாரிசில் பிழை இல்லை. சட்டம் அவரை அப்படிக் கேட்கச் சொல்கிறது. யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம், 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கம். அதன் 6 ஆம் பிரிவின்படி மனைவியின் சொத்து அவளுடைய தனிச் சொத்து. நகையை, பணத்தை, மாட்டை அவள் தன் விருப்பப்படி விற்கலாம், கொடுக்கலாம். காணி, வீடு என்றால் மட்டும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். மரணசாதனம் எழுதிவைப்பதென்றால் அந்தச் சம்மதமும் தேவையில்லை. அதாவது, செத்த பிறகு அந்தக் காணி யாருக்குப் போகவேண்டும் என்று அவள் தனியே தீர்மானிக்கலாம். உயிரோடு இருக்கும்போது முடியாது. அடுத்த பிரிவு கணவனைப் பற்றியது. அவர் பெற்றோர் வழி வந்த தன் முதுசக் காணியை விற்க மனைவியிடம் ஒரு சொல்லும் கேட்கவேண்டியதில்லை.

1923 இல் இலங்கையில் திருமணமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டம் வந்தது. கணவனின் சம்மதம் என்ற இந்தத் தளையை அது அறுத்தது. கொழும்பில் இருக்கும் பெண்ணுக்கு அறுந்தது. மட்டக்களப்பில் இருக்கும் பெண்ணுக்கும் அறுந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். நூறு வருடம் கடந்துவிட்டது.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் எனக்குத் தெரியும்: "தேசவழமை எங்கட முன்னோர் தந்தது. அதில கை வைக்கேலாது." சரி. முன்னோர் தந்ததை எப்படித் தந்தார்கள் என்று பார்ப்போம்.

1706 இல் ஒல்லாந்த ஆளுநர் கோர்னெலிஸ் யோவான் சீமோன்ஸ், யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்துத் தரும்படி கட்டளையிட்டார். எங்கள் பண்பாட்டின் மேல் அவருக்குப் பாசம் பொங்கியதால் அல்ல. நீதிமன்றத்தில் சீதனம், முதுசம், ஒற்றி என்று வழக்குகள் குவிந்தன. தீர்ப்புச் சொல்ல ஒல்லாந்தருக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை. 37 வருடம் இங்கே இருந்த அனுபவத்தைக் கொண்டு எழுதியதாக அவரே சொல்கிறார். 1707 சனவரியில் கையளித்தார். தமிழில் மொழிபெயர்த்து, பன்னிரண்டு முதலியார்மாரிடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள். பன்னிரண்டு பேரும் காணிக்காரர். ஒரு பெண்ணிடமாவது கேட்டிருந்தால் 'மனைவிமார் கணவனின் சித்தத்துக்கு உட்பட்டவர்கள்' என்ற கருத்து அந்தப் புத்தகத்தில் இத்தனை இலகுவாக ஏறியிருக்குமா என்பது என் சந்தேகம்.

அந்தத் தொகுப்பில் அடிமைகள் பற்றியும் ஓர் அதிகாரம் இருக்கிறது. அடிமை யார், அடிமைக்குப் பிறந்த பிள்ளை யாருடையது, எசமான் அவர்களை எப்படி விற்கலாம் என்றெல்லாம் பேசுகிறது. அதில் வரும் சாதிப் பெயர்களை இந்த மண்டபத்தில் நான் வாசிக்கவேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும். அந்த அடிமைக்கும் ஒரு குடும்பம் இருந்தது. ஆனால் தாய் யாருடைய அடிமை என்பதுதான் சட்டத்துக்குத் தேவைப்பட்டது. 1806 இல் ஆங்கிலேயர் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் தேசவழமைக்கு முழுச் சட்ட வலுக் கொடுத்தபோது அந்த அதிகாரமும் சேர்ந்தே வந்தது. 1844 இல் இலங்கையில் அடிமைமுறை ஒழிந்தது. அந்த அதிகாரம் செத்த எழுத்தானது. யாழ்ப்பாணத்தான் யாழ்ப்பாணத்தானாகத்தான் இருந்தான். அவனுடைய அடையாளம் எங்கும் ஓடிப்போகவில்லை.

அதோடு நிற்கவும் இல்லை. பழைய வழக்கத்தில் தகப்பனின் முதுசம் ஆண் பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண் பிள்ளைகளுக்கு. சீதனம் வாங்கிக்கொண்டு போன மகள் மிச்சத்தில் பங்கு கேட்கக்கூடாது. 1911 இன் சட்டம் வழியுரிமை விதிகளைப் புதிதாக எழுதியது. 1947 இல் 58 ஆம் இலக்கச் சட்டம், திருமண வாழ்வில் சேர்க்கும் சொத்தான தேடிய தேட்டம் என்றால் என்ன என்பதையே மாற்றி வரையறுத்தது. அதே வருடம் 59 ஆம் இலக்கச் சட்டம், காணி விற்கும்போது முதலில் யாருக்குச் சொல்லவேண்டும் என்ற முற்கொள்வனவு உரிமையைப் பங்காளிகள், உரித்தாளிகள் அளவில் சுருக்கியது. முன்னோர் தந்ததை நாங்கள் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். 6 ஆம் பிரிவில் மட்டும் கை வைக்கவில்லை.

தேசவழமை யாருக்குப் பொருந்தும்? 1806 இன் ஒழுங்குவிதியின் சொற்களில், யாழ்ப்பாண மாகாணத்து 'மலபார் வாசிகளுக்கு'. அன்று ஐரோப்பியர் தமிழரை அப்படித்தான் அழைத்தார்கள். சமயம் இங்கே கணக்கில் வராது. நம்மூர் அமெரிக்க மிஷன் கல்லூரி வழியாக வந்த வேதக்காரக் குடும்பத்துக்கும் சைவக் குடும்பத்துக்கும் ஒரே தேசவழமைதான். இடம் கணக்கில் வரும். 1913 இல் ஸ்பென்சர் எதிர் இராசரத்தினம் வழக்கில் இந்த 'வாசி' யார் என்று உயர் நீதிமன்றம் மண்டையைப் போட்டு உடைத்தது. யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்குப் பிறந்தால் மட்டும் போதாது, நிரந்தர வீடு எங்கே என்று பார்க்கவேண்டும் என்பதே வழக்குகளில் நிலைத்த நிலைப்பாடு. ரொறன்ரோவில் முப்பது வருடமாக இருக்கும் உடுப்பிட்டிப் பெண், இங்கேயுள்ள சீதன வளவை விற்க அற்றோணித் தத்துவம் அனுப்பும்போது அவள் இன்னும் இந்த மாகாணத்து வாசிதானா? சட்டத்தரணிமார் இரண்டு பக்கமும் வாதாடலாம். நொத்தாரிசுமார் எதற்கும் கணவரின் கையொப்பத்தையும் வாங்கி வைப்பார்கள்.

இதைவிட வேடிக்கை 1911 சட்டத்தின் 3 ஆம் பிரிவு. ஒரே வீட்டில் அக்கா, தங்கச்சி என்று வைத்துக்கொள்வோம். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வளவை இரண்டாகப் பிரித்து எழுதிய சீதனம். அக்கா கரவெட்டி மாப்பிள்ளையை முடித்தாள். தங்கச்சி மட்டக்களப்பு மாப்பிள்ளையை முடித்தாள். தேசவழமைக்கு உட்பட்ட பெண், உட்படாத ஆணை மணந்தால் அந்தத் திருமணம் நீடிக்கும்வரை அவளுக்குத் தேசவழமை இல்லை. ஆகவே தங்கச்சி தன் பாதியைத் தன் கையொப்பத்தில் விற்கலாம். அக்கா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கணவனைத் தேடவேண்டும். மறுவளமாக, யாழ்ப்பாணத்து ஆணை மணக்கும் சிங்களப் பெண், நல்லூரை வாழ்நாளில் பார்த்திராவிட்டாலும் திருமணத்தோடு தேசவழமைக்குள் வந்துவிடுவாள். பெண் யார் என்பதை அவள் பிறந்த ஊர் தீர்மானிப்பதில்லை, அவள் கையைப் பிடித்தவரின் ஊர் தீர்மானிக்கிறது. ஆணுக்கு இப்படி ஒரு விதி கிடையாது. அவர் யாரை மணந்தாலும் அவராகவே இருப்பார்.

சரி, மனைவி என்பவள் யார்? இங்கேயும் இரண்டு கணக்கு ஓடுகிறது. எங்கள் ஊரில் எழுத்து என்று ஒன்று, தாலிகட்டு என்று ஒன்று. எழுத்து பதிவாளர் முன்னால். தாலிகட்டு ஐயர் முன்னால். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் விசாவுக்காக எழுத்து முன்கூட்டியே நடந்துவிடும். தாலிகட்டு ஒரு வருடம் கழித்துச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ நடக்கும். இந்த இடைக்காலத்தில் பெண்ணைக் கேட்டால், "எனக்கு இன்னும் கலியாணம் முடியேல்லை" என்பாள். சட்டத்தைக் கேட்டால், அவள் மனைவி. இடையில் சம்பந்தம் குழம்பினால் அதை வெறும் குழம்பிய சம்பந்தமாக விட்டுவிட முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குப் போடவேண்டும். விவாகரத்துக்கு இந்த நாட்டுச் சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்றே மூன்று: பிறர்மனை சேர்க்கை, வன்மத்துடனான கைவிடல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. ஒருநாளும் சேர்ந்து வாழாத இருவர், ஒருவரையொருவர் கைவிட்டதாக நீதிமன்றத்தில் நின்று சொல்லவேண்டும்.

மறுபக்கம், தாலி மட்டும் கட்டி எழுத்து வைக்காதவர்கள். பலர் இது செல்லாத கலியாணம் என்று நினைக்கிறார்கள். அது தவறு. பதிவு திருமணத்துக்குச் சிறந்த சான்று. பதிவு இல்லையென்பதால் திருமணம் இல்லை என்றாகாது. வழமைப்படி நடந்த திருமணத்தை நம் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. நீண்டகாலம் கணவன் மனைவியாக, ஊரறிய வாழ்ந்தால் திருமணம் நடந்தது என்றே ஊகிக்கும். ஆனால் ஊரறிய என்றால் ஊர் இருக்கவேண்டுமே! வன்னியில் யுத்தத்தின் கடைசிக் காலத்தில் பிள்ளையைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போகாமலிருக்கப் பதினாறு, பதினேழு வயதில் அவசரமாகக் கட்டிவைத்தார்கள். எழுத்துக்கு எங்கே போவது? சாட்சியாக நின்றவர்கள் சிதறிப்போனார்கள் அல்லது செத்துப்போனார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் அன்று கைக்குழந்தையாக இருந்ததை வளர்த்துப் பெரிதாக்கிவிட்டு, இன்று 'இவர்தான் என் கணவர்' என்று நிரூபிக்க ஒரு கடதாசியும் இல்லாமல் பிரதேச செயலக வாசலில் நிற்கிறார்கள்.

யாரை மணக்கலாம் என்பதிலும் சட்டத்தின் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒன்றல்ல. மாமன் மகள், மச்சாள், முறைப்பெண், கட்டலாம். பெரியப்பா மகளோ அக்கா, நினைக்கவே கூசும். 1907 இன் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் 16 ஆம் பிரிவில் தடைசெய்த உறவுகளை வரிசையாக எழுதுகிறது. உடன்பிறந்தவள் உண்டு, அண்ணன் மகள், அக்கா மகள் உண்டு, மருமகள், சிறிய தாயார் எல்லாம் உண்டு. பெரியப்பா மகள் இல்லை! சட்டத்தின் கண்ணில் மச்சாளும் பெரியப்பா மகளும் ஒரே நிறை. ஆங்கிலக் குடும்பத்தை மனதில் வைத்து எழுதிய பட்டியல் இது. அக்கா மகளைக் கட்டுவது தமிழ்நாட்டில் பல சமூகங்களில் முறை. இந்தியாவின் 1955 இந்துத் திருமணச் சட்டம் வழக்கம் இருந்தால் விட்டுவிடுகிறது. இங்கே வழக்கமும் இல்லை, சட்டமும் விடாது. இந்த ஒன்றில் நானும் சட்டமும் ஒரு பக்கம்.

தத்தெடுப்பதற்குத் தேசவழமையில் ஓர் அழகான சடங்கு இருந்தது: மஞ்சள் தண்ணீர் குடிப்பது. பிள்ளையில்லாதவர்கள் தங்களுக்கு உரித்தாளியாக வரவேண்டிய சகோதரங்களைக் கூப்பிட்டு, அவர்களின் சம்மதத்தோடு, சாட்சிகள் முன்னால் மஞ்சள் தண்ணீர் குடித்துப் பிள்ளையை ஏற்பார்கள். சம்மதம் ஏன்? பிள்ளை வந்தால் சகோதரங்களின் பங்கு போய்விடும். சம்மதிக்காதவருடைய பங்கு சம்மதிக்காதவருக்கே. பிள்ளை மீதான ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தண்ணீரில் காணிக் கணக்கு கரைந்திருந்தது என்றுதான் சொல்லவேண்டும். இன்று 1941 இன் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றக் கட்டளை வேண்டும். அங்கே முதற்கேள்வி பிள்ளையின் நலன். 1707 இல் கேட்காத கேள்வி அது.

இனி, நான் அதிக நேரம் நிற்கவேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

இந்த மண்ணில் கணவன் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத பெண்கள் ஆயிரக்கணக்கில். 2009 மேயில் இராணுவத்திடம் கையளித்தவரைத் திரும்பக் காணவில்லை. அதற்கு முன்னர் வெள்ளை வானில் போனவரைக் காணவில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் போனவர்களைக் கேட்டுத் தெருவோரம் உட்கார்ந்த தாய்மார் வருடக்கணக்காக எழும்பவில்லை. கணவரைத் தேடும் அப்படி ஒரு பெண்ணிடம் நொத்தாரிசு, "உங்கட மனுசன் வரேல்லையோ?" என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள்.

சட்டம் அவளுக்குச் சில கதவுகளைக் காட்டுகிறது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குறித்த காலம் தகவல் இல்லையென்றால் இறந்ததாக ஊகிக்கலாம். 2010 இல் வந்த 19 ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டம், யுத்தச் சூழலில் காணாமல் போனவருக்கு ஒரு வருடத்திலேயே மரணத்தைப் பதியலாம் என்றது. அதற்கு அவள் ஒரு சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும்: அவர் இறந்துவிட்டார் என்று நான் நம்புகிறேன். கையளித்தவளே, 'செத்துவிட்டார்' என்று கையொப்பமிட்டால் கையளித்த பொறுப்பு யாருடையது? அதனால் பலர் மறுத்தார்கள். சில வீடுகளில் மருமகள் பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்து மரணச் சான்றிதழை எடுக்கத் தயாராக இருந்தாள், மாமியார் விடவில்லை. ஒரே மனிதன் ஒருத்திக்கு இறந்தவராகவும் மற்றவளுக்கு வரப்போகிறவராகவும் ஒரே கூரையின் கீழ் இருந்தார். சட்டம் ஒரு கடதாசியைக் கொடுத்து இருவருக்குமிடையில் தீர்ப்பைக் கேட்டது.

2016 இல் அதே சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் காணாமல் போயிருக்கிறார் என்று மட்டும் காட்டும் ஒரு சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். மனிதத்தன்மையான திருத்தம், நான் மதிக்கிறேன். அதைக் காட்டிக் கணவனின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். ஆனால் அவள் இன்னும் மனைவிதான். மனைவியென்றால் 6 ஆம் பிரிவும் அவளோடு இருக்கிறது. காணாமற் போன கணவனின் காணியைப் பார்த்துக்கொள்ள வழி கிடைத்தவளுக்கு, தன் சொந்தச் சீதனக் காணியில் ஒரு பரப்பை விற்க அந்தச் சான்றிதழ் சம்மதமாகாது!

அதற்கு 1911 சட்டத்தின் 8 ஆம் பிரிவு. கணவன் கைவிட்டுப் போனால், பிரிந்திருந்தால், சிறையிலோ சித்தசுவாதீனமில்லாமலோ இருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், காரணமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அவருக்குப் பதிலாகச் சம்மதம் கொடுக்கலாம். இங்கிருந்து பருத்தித்துறை நீதிமன்றத்துக்குப் போய், சட்டத்தரணி வைத்து, மனுப் போட்டு, தவணை எடுத்து, கணவனின் கையொப்பத்தை நீதிபதியிடமிருந்து வாங்கவேண்டும். காணியை வாங்க வந்தவர் அதுவரை காத்திருப்பாரா? விலையைக் குறைப்பார். இல்லையென்றால் போய்விடுவார்.

அவள் ஒருவேளை மரணச் சான்றிதழை எடுத்து விதவையாகிவிட்டால் கையொப்பச் சிக்கல் தீரும். வேறொன்று தொடங்கும். தேடிய தேட்டத்தில் பாதி அவளுடையது; மறுபாதி பிள்ளைகளுக்கு. முதுசமும் பிள்ளைகளுக்கு. பிள்ளை இல்லையென்றால்? தகப்பன் வழி வந்த முதுசம் தகப்பன் வழிக்கும், தாய் வழி வந்தது தாய் வழிக்கும் திரும்பும். இருபது வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு அதில் இடமில்லை. கொழும்பில் பொதுச் சட்டத்தின் கீழ் வாழும் மனைவிக்கு 1876 முதலே கணவனின் சொத்தில் பாதி. காணி இரத்தத்தைத் தேடிப் போகும் என்பது தேசவழமையின் நம்பிக்கை. மனைவியை அது ஒருநாளும் இரத்தமாகக் கருதியதில்லை.

'இது பாகுபாடு' என்று அவள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா? 1978 அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சமத்துவம் பேசுகிறது. 16 ஆம் உறுப்புரை அதன் கையைக் கட்டுகிறது: அரசியலமைப்புக்கு முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும். ஆகவே நீதிமன்றம் இதைத் தீர்க்காது. நாடாளுமன்றம்தான் தீர்க்கவேண்டும்.

6 ஆம் பிரிவுக்கு ஆதரவாக ஒரு நல்ல வாதமும் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியவனாக மாட்டேன். வெளிநாட்டிலிருக்கும் அண்ணனோ தம்பியோ வந்து, "அதை எழுதித் தா, பிறகு பாத்துக்கொள்ளுவம்" என்று நெருக்கும்போது, "அவரைக் கேக்கவேணும்" என்ற ஒரு சொல் பெண்ணுக்குக் கவசமாக இருந்திருக்கிறது. உண்மை. நொத்தாரிசுமாரில் அனுபவமுள்ளவர்கள் இதை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவளைக் காக்கத்தான் இந்த விதி என்றால், கணவனின் காணிக்கு மனைவியின் கையொப்பமும் ஏன் கேட்கவில்லை? குடிபோதையில் முதுசத்தை ஈடு வைத்தவர்களும் இந்த ஊரில் இருந்தார்கள்தானே. அவர்களின் மனைவிமாருக்குக் கவசம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

என் யோசனை சிறியது. குடும்பம் குடியிருக்கும் வீடு யாருடைய பெயரில் இருந்தாலும் அதை விற்க, ஈடு வைக்க இருவரின் கையொப்பமும் வேண்டும் என்று வையுங்கள். மற்றக் காணிகளில் அவரவர் சொத்துக்கு அவரவர் கையொப்பம். காணாமல் போனவரின் சான்றிதழ் கையில் இருந்தால் நீதிமன்றம் போகாமலே அவள் தனியே ஒப்பமிடலாம் என்று ஒரு வரி சேருங்கள். மொத்தமாக ஒரு பக்கத் திருத்தச் சட்டம். தனி உறுப்பினர் ஒருவரே இதைச் சட்டமூலமாகக் கொண்டுவரலாம். 1960களில் உடுப்பிட்டித் தொகுதியின் உறுப்பினராக இருந்து பிரதிச் சபாநாயகராகவும் ஆன மு. சிவசிதம்பரம் ஒரு சட்டத்தரணி. அவருக்குப் பிறகும் சட்டம் படித்தவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சம் வந்ததில்லை. வடக்கிலிருந்து கொழும்பு போகிறவர்கள் வாக்குக் கேட்டு வரும்போது, தேசவழமையைக் காப்போம் என்று சொன்னால், 6 ஆம் பிரிவையும் சேர்த்தா என்று கேளுங்கள்.

மண்டபத்தில் நொத்தாரிசுமார் சிலரைக் காண்கிறேன். சீதன உறுதி எழுத வரும் தாய் தகப்பனிடம் 6 ஆம் பிரிவை வாசித்துக் காட்டும் வழக்கம் உங்களில் யாருக்கும் உண்டா என்று அறிய விரும்புகிறேன். அதிலிருந்தே கேள்விகளைத் தொடங்குவோம்.